டீசல் என்ஜின் பழுதறிதலும் பட்டறைத் தமிழின் வினைகளும்: வில்லியனூர், பாகூர் கொம்யூன் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

டீசல் வண்டி தொடங்க மறுப்பதற்கும், தொடங்கிய பின் அதன் இழுவை குன்றுவதற்கும் காரணங்கள் பல. அவற்றை எந்த வரிசையில் தேடுவது என்பதே பழுதறிதலின் உயிர்நிலை. புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் ஆகியவற்றின் தட்பவெப்பம், நெல் வேளாண்மை, வெள்ளம் ஆகிய பின்னணியில் அவ்வரிசையை இக்கட்டுரை விளக்குகிறது. பட்டறைகளில் வழங்கும் தமிழ் வினைகள் அவ்வரிசையைத் தம்முள் கொண்டிருப்பதும், பெயர்ச்சொற்களை மட்டுமே ஆக்கும் கலைச்சொல் முயற்சி அதனைத் தவறவிடுவதும் உடன் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டீசல் என்ஜின், பழுதறிதல், பட்டறைத் தமிழ், கலைச்சொல், பாகூர், வில்லியனூர்

முன்னுரை

பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாகப் புதுச்சேரியில் இன்றும் நிலைத்திருக்கும் நிர்வாகச் சொற்களுள் 'கொம்யூன்' ஒன்று. சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் வளப்படுத்தும் வில்லியனூர் கொம்யூனும், பெரிய ஏரியைக் கொண்ட பாகூர் கொம்யூனும் நெல் விளையும் பகுதிகள். உழவு முதல் அறுவடை வரை இங்குள்ள வேலைகளை டிராக்டரும் அறுவடை எந்திரமும் சரக்கு வண்டியும் தாங்கி நிற்கின்றன; இவற்றுள் மிகப் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. அறுவடைக் காலத்தில் ஒரு டிராக்டர் ஒரு நாள் நின்றுவிட்டால், களத்தில் கிடக்கும் நெல் அடுத்த மழைக்கு இலக்காகிறது. அந்நிலையில் பழுதைத் தவறாகக் கணித்து, நன்றாக இருக்கும் பம்பைக் கழற்றி நகரத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது உழவருக்கு இரட்டை இழப்பு. ஆகவே இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று. அறிவைத் தமிழில் எவ்வாறு வகுத்து வழங்குவது என்ற சிக்கலுமாகும்.

பற்றவைக்காமல் பற்றும் என்ஜின்

பெட்ரோல் என்ஜினில் மின்பொறி கலவையைப் பற்றவைக்கிறது. டீசல் என்ஜினில் அத்தகைய பொறி இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை அமுக்கப்படும்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அதனுள் நுண்துளிகளாகப் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீசல் 1893இல் ஜெர்மானியக் காப்புரிமை பெற்று, 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் செயல்படுத்திக் காட்டிய முறை இது. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை என்ஜின் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டப்பட்டது என்பது புதுச்சேரி வாசகருக்குச் சுவையான செய்தி. அக்காலத்தில் புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய் நகருக்கு நிலக்கடலை கப்பலேறிக்கொண்டிருந்தது.

மேற்கண்ட இயக்கமுறையிலிருந்து நான்கு தேவைகள் பெறப்படுகின்றன: போதிய வேகத்தில் சுழற்சி, போதிய அமுக்கம், தடையற்ற காற்று, காற்றுக்குமிழியோ நீரோ கலவாத எரிபொருள் உரிய நேரத்தில் வந்து சேர்தல். தொடக்கக் கோளாறு எதுவாயினும் இந்நான்கனுள் ஒன்றன் குறைவே.

'எடுக்கவில்லை', 'ஆகவில்லை'

வண்டி கிளம்பவில்லை என்று பொதுப்பட உரைப்பதைப் பட்டறைத் தமிழ் ஏற்பதில்லை. 'செல்ஃப் எடுக்கவில்லை' என்பது ஒன்று. 'செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை' என்பது வேறொன்று. முன்னது என்ஜின் சுழலவே இல்லை என்பதையும், பின்னது சுழன்றும் எரிதல் நிகழவில்லை என்பதையும் குறிக்கும். முதல் வினாவிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

செல்ஃப் எடுக்காத வண்டியில் எரிபொருளைத் தொடவே வேண்டியதில்லை. முழு மின்னேற்றமுள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுழற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியோ இணைப்போ நலிந்துள்ளது எனக் கொள்ளலாம். அளவி இல்லாதபோது முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்பர். விளக்கு முற்றிலும் அணைந்தால் டெர்மினலிலோ பேட்டரியிலோ குறை. சிறிதும் மங்காவிடில் மின்னோட்டம் செல்ஃப் மோட்டாரை அடையவே இல்லை. உப்புக்காற்று வீசும் கடலோர வட்டாரமாதலால் என்ஜினையும் சட்டகத்தையும் இணைக்கும் எர்த் பட்டையின் துருவை முதலில் சுரண்டிப் பார்ப்பது நலம். புதிய பேட்டரி வாங்கிய பின்னும் அதே பழுது தொடர்வதற்கு இப்பட்டை பலமுறை காரணமாகிறது.

காலையில் மட்டும் வரும் பழுது

செல்ஃப் நன்றாகச் சுழற்றியும் ஸ்டார்ட் ஆகாத நிலையில் வெளிநாட்டுக் கையேடுகள் குளிரைத்தான் முதலில் ஐயுறும். ஐரோப்பியக் குளிர்காலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அவை. புதுச்சேரியிலோ சனவரி விடியலிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டியே நிற்கிறது. நேரடிப் பீச்சுமுறை கொண்ட டிராக்டர் என்ஜின் நல்ல நிலையில் இருப்பின் இவ்வெப்பநிலையில் சில சுற்றுகளிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். எனவே, இரவு நின்ற வண்டி காலையில் அடம்பிடித்து, ஒருமுறை ஸ்டார்ட் ஆனபின் பகல் முழுவதும் ஒழுங்காக ஓடுமாயின், வானிலையைக் குறை கூறுவது பொருந்தாது. அக்கையேடுகளை வரிக்கு வரி பெயர்த்தெழுதும் தமிழ்ப் பாடநூல் மாணவரைத் தவறான இடத்தில் தேடவைக்கும்.

இங்கு முதலில் ஐயுற வேண்டியது 'ஏர் பிடித்தல்'. டீசல் டாங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாய் உறிஞ்சுபக்கம். அதனுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே நுண்ணிய வெடிப்போ தேய்ந்த வாஷரோ இருப்பின் டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே நுழையும். இரவில் டீசல் மெல்லப் பின்வாங்கி டாங்குக்குத் திரும்ப, குழாயில் காற்று நிரம்பும். கசிவைக் கண்ணால் தேடுபவர் ஏமாறுவதற்குக் காரணம் இதுவே. சொட்டாத கசிவே ஏர் பிடிப்பிக்கும் கசிவு. பம்புக்கு அப்பாலுள்ள அழுத்தப்பக்கக் கசிவுதான் சொட்டிக் காட்டும்.

இதனை உறுதிசெய்ய எளிய முறை ஒன்றுண்டு. சிறு கேனில் தூய டீசலை நிரப்பி, என்ஜினைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்புக்கு நேரே குழாய் இணைத்து ஓட்டிப் பார்ப்பது. அவ்விணைப்பில் மறுநாள் காலையில் உடனே ஸ்டார்ட் ஆனால் குறை டாங்க்ப் பக்கத்தில் உள்ளது எனத் தெளியலாம். பின்னர் குழாயையும் செப்பு வாஷர்களையும் மாற்றி, 'ஏர் எடுக்க' வேண்டும். ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழிகள் நின்று டீசல் மட்டும் வழியும் வரை கைப்பம்பை அடித்து, வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்க வேண்டும். தேவைப்பட்டால் நாசில் குழாய்களின் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திச் செல்ஃப் அடித்து எஞ்சிய காற்றையும் போக்குவர். இவ்விறுதிச் செயல் பழைய வகை இயந்திரப் பம்புக்கு மட்டுமே உரியது. காமன் ரெயில் என்ஜினில் அழுத்தம் 1600 பார் அளவையும் தாண்டுவதுண்டு. அங்கே நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். அக்காயம் ஊசிமுனை அளவே தோன்றினும் உடனடி அறுவை மருத்துவம் வேண்டுவது.

பிடித்ததை எடுப்பது என்னும் இவ்வினையிணை நோயையும் தீர்வையும் ஒரே தொடராக்கிவிடுகிறது. 'காற்றடைப்பு', 'காற்று நீக்கம்' எனப் பெயர்ச்சொற்களாக்கினால் பொருள் கிடைக்கும். காற்று வெளியிலிருந்து வந்து பற்றிக்கொண்டது, ஆகவே வந்த வழி ஒன்றிருக்கிறது என்ற குறிப்பு மறைந்துவிடும்.

புகை சொல்வது

செல்ஃப் அடிக்கும்போது சைலென்சரை நோக்குக. புகையே இல்லையெனில் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. டாங்கின் அளவு, நிறுத்தும் கம்பி முழுமையாக மீளாமை, அடைத்த ஃபில்டர், ஏர் ஆகியவற்றை இவ்வரிசையில் ஆராயலாம். வெண்புகை வந்தும் ஸ்டார்ட் ஆகாவிடில் டீசல் வருகிறது, எரியவில்லை; அமுக்கக் குறைவு, டைமிங் பிறழ்வு, மந்தமான சுழற்சி ஆகியன ஐயத்திற்குரியவை. இவ்வொரு நோக்கல் பல மணி நேர உழைப்பை மிச்சப்படுத்தும்.

ஓடும் வண்டியில் கரும்புகை காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் காட்டும். அறுவடைக் காலத்தில் உமியும் வைக்கோல் தூசும் ஏர் ஃபில்டரை அடைப்பதால் நாசில் நன்றாக இருக்கும்போதே வண்டி 'புகை தள்ளும்'. ஃபில்டரைத் தூய்மை செய்து பார்க்காமல் நாசிலைக் கழற்றுவது வீண். அதே தூசு ரேடியேட்டரின் முகத்தையும் மூடுவதால் என்ஜின் சூடேறும். நீலப்புகையெனில் 'ஆயில் குடிக்கிறது'. பிஸ்டன் ரிங்கோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்துள்ளது.

'இழுக்கவில்லை' என்னும் முறையீடு வேறுபடுத்தி அறியத்தக்கது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது என்ஜின் ஒலி உயர்ந்தும் வண்டி வேகம் கொள்ளாவிடில் குறை கிளட்ச்சில். ஒலியே உயராவிடில் எரிபொருளிலோ காற்றிலோ குறை. 'மிஸ்ஸிங் அடித்தால்' ஏதோ ஒரு சிலிண்டர் உழைக்கவில்லை. இயந்திரப் பம்பு வண்டியில் ஒவ்வொரு நாசில் நட்டாகத் தளர்த்தி, எதனைத் தளர்த்தும்போது ஒலி மாறவில்லையோ அதுவே உழைக்காத சிலிண்டர் எனக் காண்பர். அது நாசில் குறையா அமுக்கக் குறையா என்பதை அந்நாசிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தே முடிவுசெய்ய இயலும். குறை நாசிலோடு இடம்பெயர்ந்தால் நாசில், பெயராவிடில் அமுக்கம்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நெறிமுறை நடைமுறைக்கு வந்தபின் புதிய சாலை வண்டிகளில் ஸ்கேனர் இன்றியமையாததாயிற்று. எனினும் ஸ்கேனர் காட்டுவது விளைவைத்தான். 'ரெயில் அழுத்தம் குறைவு' என அது கூறலாம். உறிஞ்சுபக்கத்தில் ஏர் பிடித்ததா, ஃபில்டரில் நீர் நின்றதா என்பதைக் கைதான் கண்டறிய வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தொடர்ந்து சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூனின் ஆற்றங்கரை ஊர்களுக்குள் புகுந்தது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின் வண்டியை உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கத் தோன்றுவது இயல்பு. டீசல் என்ஜினில் அது பேரிழப்புக்கு வழி.

காரணம் எளிய கணக்கில் விளங்கும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 830 மி.லி., அமுக்க விகிதம் 18 எனக் கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது எஞ்சும் இடம் ஏறத்தாழ 49 மி.லி. மட்டுமே. ஒரு தேநீர்க் குவளைக்கும் குறைவான நீர் அதற்குள் இருந்தாலே போதும். காற்றைப்போல் நீர் சுருங்காதாகையால் பிஸ்டன் முட்டி நின்று கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடுடன் சில நாள் ஓடிப் பின்னர் என்ஜின் உடலையே உடைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு.

ஆகவே முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுக. ஏர் ஃபில்டரைத் திறந்து ஈரம் உளதா எனக் காண்க. ஆயில் கம்பியை உருவிப் பார்க்கையில் ஆயில் பால்நிறம் கொண்டிருந்தாலோ அளவு உயர்ந்திருந்தாலோ நீர் புகுந்துள்ளது. நாசில்களைக் கழற்றிவிட்டு, என்ஜினைக் கையால் சுழற்றி, துளைகளின் வழியே நீர் முழுதும் வெளியேறுமாறு செய்ய வேண்டும். டாங்கின் அடித் திருகைத் திறந்து நீரை வடித்து, ஆயிலையும் எல்லா ஃபில்டர்களையும் மாற்றி, நாசில்களைப் பொருத்தி, ஏர் எடுத்த பின்னரே செல்ஃபைத் தொடலாம். மாற்றிய ஆயிலும் சில மணி நேர ஓட்டத்தில் பால்நிறம் கொள்ளுமாயின் அதையும் வடித்து மறுபடி புதிய ஆயில் ஊற்றுக.