பேரும் முகவரியும்

மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுதில் ஹட்டனிலிருந்து நோர்வூட் பக்கமாகப் பயணமானோம். எம்முடன் வந்தவர்கள் எட்டுப் பெண்கள். மண்சரிவில் வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் இழந்து, உறவினர் வீடுகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் காலந்தள்ளும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். “வெள்ளைக்காரங்க காசு குடுத்துப் பாக்க வாற எங்க மலைய நாங்களும் ஒருக்கா பாத்துட்டு வருவமே, சாமி” என்று அவர்களில் ஒருவர் கேட்டதே இப்பயணத்துக்குக் காரணம்.

வழியில் காசல்றீ நீர்த்தேக்கம் தென்பட்டது. உல்லாசப் பயணிகள் நின்று படம் பிடிக்கும் இந்த நீர்ப்பரப்பு இயற்கையான ஏரி அன்று. 1965இல் அணை கட்டியதால் உருவானது. அப்பால் உள்ள மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கின்றது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் இடிபாடுகள் தலைகாட்டும். அழகான காட்சி ஒன்றின் அடியில் எவருடைய வீடோ இருக்கலாம் என்பதை இடம்பெயர்ந்தவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்பகுதியின் பழைய துரைமார் பங்களாக்கள் சில 2005ஆம் ஆண்டில் விடுதிகளாக்கப்பட்டன. அதைச் செய்தது டில்மா தேயிலைக்கு உரிமையாளரான குடும்பம். அங்கு தங்குவோர் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பார்கள். தேநீரைச் சுவைத்துப் பார்ப்பார்கள். பிரான்சிலும் இத்தாலியிலும் முந்திரிகைத் தோட்டக் குடும்பங்கள் வெளியாரை அழைத்து, வைன் செய்யும் விதத்தைக் காட்டி, ஒரு கிண்ணம் சுவைக்கக் கொடுத்து, போத்தலை விற்று அனுப்புவார்கள். அதே முறைதான் இங்கும்.

அவ்வட்டாரத்தில் பார்வையாளருக்குத் திறந்திருக்கும் தொழிற்சாலை ஒன்றினுள் நாமும் நுழைந்தோம். “இருவது வருசம் கொழுந்தெடுத்தேன். இதுக்குள்ள இன்னைக்குத்தான் சாமி வாறேன்” என்றார் வயதில் மூத்த தாய் ஒருவர்.

கொழுந்து மேல்மாடியில் காற்றுப்பட்டு ஏறக்குறைய ஓர் இரவு வாடுகின்றது. பின்பு உருட்டும் இயந்திரத்தில் நசிந்து சாறு விடுகின்றது. அச்சாற்றில் காற்றுப்பட, இலை செம்பு நிறமாகின்றது. இதைப் புளிக்கவிடுதல் என்று சொன்னாலும், வைனில் நடப்பது வேறு. அங்கே நுண்ணுயிர்கள் பழச்சாற்றின் இனிப்பை மதுவாக்குகின்றன; இங்கே நடப்பது காற்றிலுள்ள ஒட்சிசனின் வேலை. அதன்பின் சூட்டில் உலர்த்தி, சலித்து, தரம் பிரிக்கின்றார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும்.

சுவை பார்க்கும் மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் இருந்தன. நுவரெலியாத் தேயிலை வெளிர் நிறம், மென்மையான மணம். தாழ்நிலத் தேயிலை கடும் நிறம், கனத்த சுவை. மண்ணும் உயரமும் மாறினால் சுவையும் மாறும் என்பது வைனுக்கும் தேயிலைக்கும் பொதுவான உண்மை. இதனை வைத்தே டில்மா, ரன் வத்தை, உட வத்தை, மெத வத்தை, யட வத்தை என நான்கு தேயிலைகளுக்கு அவை விளையும் உயரத்தின்படி பெயரிட்டு, வைன் வகைகளோடு ஒப்பிட்டு விற்றது.

இதை ஆரம்பித்த மெரில் ஜே. பெர்னாண்டோ 1930இல் நீர்கொழும்புப் பகுதியில் பிறந்தவர். தேயிலைச் சுவை பார்க்கும் தொழிலைப் பயின்று இளவயதில் லண்டன் சென்ற அவர், இலங்கைத் தேயிலை வேற்றுநாட்டுத் தேயிலைகளுடன் கலக்கப்பட்டு, பிறருடைய பெயர்களில் விலைபோவதைக் கண்டார். 1980களில், இங்கேயே பொதிசெய்த தேயிலையை, தம் பிள்ளைகளான டில்ஹான், மலிக் ஆகியோரின் பெயர்களைச் சேர்த்து ‘டில்மா’ என்ற பெயரில் அவுஸ்திரேலியாவில் விற்கத் தொடங்கினார். 2023இல் அவர் காலமானார். மூட்டையாக அனுப்பினால் இலாபம் பொதி செய்பவனுக்கு. பொதியாக அனுப்பினால் இலாபம் இங்கே தங்கும். இதுவே அவர் கண்ட கணக்கு.

விற்பனைக்கு வைத்திருந்த தேயிலைப் பெட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அந்தத் தாய் கேட்டார்: “இதுல தோட்டத்துப் பேரு இருக்கு, கம்பனி பேரு இருக்கு. கொழுந்தெடுத்தவ பேரு எங்க, சாமி?”

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர். ஏறக்குறைய 200 ஆண்டுகளாக எம் மக்களின் பேர் செக்ரோலில் விழுந்ததே தவிர, எந்தப் பெட்டியிலும் விழுந்ததில்லை. சொந்தக் காணியில் தேயிலை வைத்திருப்போர் நிலையும் அதிகம் வேறல்ல. இன்று நாட்டுத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிற்றுடைமையாளரின் கொழுந்திலிருந்து வருகின்றது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கொழுந்தைக் கிலோக் கணக்கில் கொடுப்பதோடு சரி. நாமும் லீக்சையும் கரட்டையும் அவ்வாறே லொறிக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மாற்றுவழி இல்லாமலில்லை. ஊவாவில் அம்பதண்டேகம கிராமத்திலுள்ள அம்பா தோட்டத்தில் கையால் தேயிலை உருட்டுகின்றார்கள். அது தோட்டத்தின் சொந்தப் பெயரிலேயே வெளிநாடுகளுக்குப் போகின்றது. பெரிய இயந்திரம் இல்லாமலும் பேர் வாங்கலாம் என்பதற்கு அது சான்று.

திரும்பும் வழியில் இதுபற்றியே பேசிக்கொண்டோம். தேயிலை முடியாவிட்டாலும், கொட்டில் ஓரத்தில் காய்க்கும் கொடித்தோடையைச் சாறாக்கிப் போத்தலில் அடைக்கலாம். அதில் சங்கத்தின் பேரைப் போடலாம். ஆனால் போத்தலில் ஒட்டும் லேபலில் உற்பத்தியாளரின் பேர் மட்டும் போதாது. முகவரியும் வேண்டும் என்பது சட்டம். இதைச் சொன்னதும் வண்டிக்குள் பேச்சு நின்றது. லயன் அறைக்குத் தனி முகவரி இல்லாமல், கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்த் தேங்கிய காலம் எல்லோருக்கும் நினைவிருந்தது. இப்போதோ அந்த அறைகூட இல்லை.

“இப்போதைக்குப் பங்குக் காரியாலய முகவரியைப் போடுவோம்” என்றோம்.

“போடலாம் சாமி. ஆனா அது ஒங்க முகவரிதானே?” என்றார் அந்தத் தாய்.

அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை. முந்திரிகைத் தோட்டக் குடும்பம் தன் பேரைப் போத்தலில் எழுத முடிவது, காலுக்கடியில் தன் நிலம் இருப்பதால்தான். எனவே செய்யவேண்டியவை இரண்டு. சாறு பிழியவும் கணக்கெழுதவும் இன்றே பழகுவோம். அதே கையோடு, பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் கூடிய காணி கேட்டு, குடும்பம் குடும்பமாகப் பிரதேச செயலகத்துக்கு எழுதுவோம். எழுதிய கடிதத்தின் பிரதியைப் பத்திரமாக வைத்திருப்போம்.

மறுவாரம் முதலாவது விண்ணப்பத்தை அந்தத் தாயே கொண்டுவந்தார். பேர் எழுதியிருந்தது. முகவரிக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.