இலவச ஃபைல் மேனேஜர்: கிடங்குச் சாவியை யாரிடம் கொடுக்கிறோம்?



கடையில் எவ்வளவு சரக்கு இருந்தாலும், கேட்டதைக் கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுக்க முடியாவிட்டால் வியாபாரம் இல்லை. துவரம்பருப்பு மூட்டை எந்த அடுக்கில் இருக்கிறது என்று இருட்டிலும் சொல்லிவிடும் நம்மவர்கள், செல்போனில் போன தீபாவளிக்கு வாங்கிய எண்ணெய் பில் எங்கே என்று ஆடிட்டர் கேட்டால் திகைத்துப் போகிறார்கள்.

காங்கேயத்து எண்ணெய் ஆலை பில், ஈரோட்டு மஞ்சள் மண்டி பில், லாரி ஆபீஸ் ரசீது, பனியன் கம்பெனி கேன்டீனுக்கு டீத்தூளும் சர்க்கரையும் அனுப்பியதற்கு நாம் போட்ட பில் என்று இன்று எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் வந்து போகின்றன. காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் அவற்றோடு கலந்து கிடக்கின்றன. ஒருநாள் போன் 'இடம் இல்லை' என்று நின்றுவிடுகிறது. "ஒரு ஆப் போட்டா எல்லாம் க்ளீன் ஆயிருங்கண்ணா, ஃப்ரீதான்" என்கிறான் கடைப் பையன். நாமும் போனைக் கொடுத்துவிடுகிறோம். அந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

பில் தொலைந்தால் என்ன?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளையும் ஆவணங்களையும் நாம் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டுக்கான கடைசி நாள் 31.12.2024. ஆகவே அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் முடியும்வரை நம் கையில் இருக்க வேண்டும். வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள (நாம் 'இன்புட்' என்கிறோமே, அதற்கு) வரி பில் நம்மிடம் இருப்பது சட்டம் விதிக்கும் நிபந்தனைகளில் ஒன்று. சரக்கு அனுப்பியவர் கணக்கில் ஏற்றிவிட்டாரே என்பது மட்டும் போதாது. பில்லை அழிப்பது கல்லாவிலிருந்து பணத்தை எடுத்து வெளியே போடுவதற்குச் சமம்.

ஃபைல் மேனேஜர் செய்யும் வேலை

ஃபைல் மேனேஜர் என்பது போனுக்குள் இருக்கும் கிடங்குக் கணக்குப்பிள்ளை. பில், படம், வீடியோ, விலைப்பட்டியல் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டுவது, இடம் மாற்றுவது, பெயர் மாற்றுவது, நகல் எடுப்பது, அழிப்பது ஆகியவை அதன் வேலைகள். இவற்றைச் செய்ய அது எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்கும். ஆண்ட்ராய்டு 11 முதல், அதாவது 2020 முதல், இதற்கென்று தனி அனுமதித் திரையே வருகிறது. அதில் 'சரி' என்று அழுத்தும்போது கிடங்கின் சாவிக்கொத்தையே கொடுக்கிறோம். முன்பின் தெரியாதவரிடம் கடைச் சாவியைக் கொடுப்போமா?

இலவசமாக வந்தவர் கதை

இதற்குச் சரியான உதாரணம் இஎஸ் ஃபைல் எக்ஸ்புளோரர் என்ற ஆப். கோடிக்கணக்கானோர் போனில் இருந்த இலவச ஆப் அது. நம் ஊரிலும் பழைய போன் வைத்திருந்த பலருக்கு நினைவிருக்கும். அந்த ஆப்பைத் திறந்திருந்தால், அதே வைஃபையில் இருக்கும் வேறொருவர் போனிலுள்ள கோப்புகளை எடுத்துவிடலாம் என்ற ஓட்டையை 2019 ஜனவரியில் ஒரு பிரெஞ்சு ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அதே ஆண்டு ஏப்ரலில், விளம்பரங்களில் முறைகேடு என்ற புகார் எழுந்த சமயத்தில், அது கூகுள் பிளே ஸ்டோரிலிருந்து நீங்கியது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் அதுவும் ஒன்று. ஷேர்இட், எக்ஸெண்டர், கேம்ஸ்கேனர் ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன.

இன்னொரு கதையும் உண்டு. சிம்பிள் ஃபைல் மேனேஜர் என்று விளம்பரமே இல்லாத நல்ல ஆப் ஒன்று இருந்தது. 2023 இறுதியில் அதையும் அதன் உடன்பிறப்பு ஆப்களையும் ஸிப்போஆப்ஸ் என்ற நிறுவனம் வாங்கிவிட்டது. ஆப்பின் நிரல் திறந்த மூலமாக, அதாவது யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி, இருந்ததால், அதை எடுத்து 'ஃபாஸிஃபை' என்ற பெயரில் வேறு சிலர் தொடர்ந்து நடத்துகிறார்கள். கடை கைமாறினாலும் பெயர்ப்பலகை மாறாது. உள்ளே சரக்கு மாறலாம். நேற்று நல்லதாக இருந்தது இன்றும் நல்லதுதானா என்று அவ்வப்போது பார்ப்பது நம் பொறுப்பு.

முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள்

பெரும்பாலான போன்களில் ஃபைல் மேனேஜர் ஏற்கெனவே இருக்கிறது. சாம்சங் போனில் 'மை ஃபைல்ஸ்' என்றும், ஐபோனில் 2017 முதல் 'ஃபைல்ஸ்' என்றும் வருகிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில் 'ஃபைல்ஸ் பை கூகுள்' இருக்கும். 2017 டிசம்பரில் 'ஃபைல்ஸ் கோ' என்ற பெயரில் வந்து, மறு ஆண்டு பெயர் மாறிய ஆப் இது. இலவசம், விளம்பரமும் இல்லை. ஒரு மளிகைக் கடையின் தேவைக்கு இவற்றில் ஒன்றே பெரும்பாலும் போதும். வேறு வேண்டுமென்றால், திறந்த மூல ஆப்களான மெட்டீரியல் ஃபைல்ஸ், அமேஸ், ஃபாஸிஃபை ஆகியவற்றைப் பார்க்கலாம்.

புதிதாக ஒன்றைப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. பிளே ஸ்டோரிலிருந்து எடுக்கிறோமா? வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பு வேண்டவே வேண்டாம்.

2. தயாரித்தவர் யார்? பெயரும் முகவரியும் தெளிவாக இருக்கிறதா? கடைசியாகப் புதுப்பித்த தேதி என்ன?

3. கோப்பு அனுமதி தவிர வேறு என்ன கேட்கிறது? எஸ்எம்எஸ், தொடர்பு எண்கள், மைக், இருப்பிடம் இவை எதுவும் அடுக்கி வைக்கும் வேலைக்குத் தேவையில்லை. எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபியும் அதன் கண்ணில் படும்.

4. 'போன் வேகமாகும்', 'பேட்டரி கூடும்', 'வைரஸ் இருக்கிறது' என்று பயமுறுத்துகிறதா? அப்படியானால் தள்ளி வையுங்கள்.

5. பென்டிரைவ், மெமரி கார்டுக்கு நகல் எடுக்க முடிகிறதா? தேடும் வசதி இருக்கிறதா?

இன்னொரு எச்சரிக்கை. கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதச் சீட்டு என்ற பெயரில் ஏபிகே கோப்புகளை அனுப்பி வங்கிப் பணத்தைத் திருடும் மோசடி நம் நாட்டில் நடந்து வருகிறது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும், ஆப்பாக வராது. போன் அமைப்பில் 'தெரியாத ஆப்களை நிறுவுதல்' என்ற இடத்தில் வாட்ஸ்அப்புக்கும் ஃபைல் மேனேஜருக்கும் அனுமதியை அணைத்தே வைத்திருங்கள். பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பில்களை அடுக்கும் முறை

ஆப் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது; அடுக்குவது நம் வேலை. ஃபைல் மேனேஜரைத் திறந்து, 'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் '2025-26' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் மாதத்துக்கு ஒன்றாக 12. ஒவ்வொன்றிலும் 'கொள்முதல்', 'விற்பனை', 'செலவு' என்று மூன்று. பழைய சிட்டை, பேரேடு, செலவுக் குறிப்பேடு என்று வைத்த வழக்கம்தான் இது.

வாட்ஸ்அப்பில் வந்த பில்கள் 'வாட்ஸ்அப் டாக்குமெண்ட்ஸ்' என்ற ஃபோல்டரில் இருக்கும். பெயர் பெரும்பாலும் 'டிஓசி-20250812' என்பதுபோல் தொடங்கும். அந்த எட்டு இலக்கம் தேதி: 2025 ஆகஸ்ட் 12. தேவையான பில்லை நம் ஃபோல்டருக்கு நகல் எடுத்து, 'ஆலைபெயர்-பில்எண்' என்று பெயர் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி போடும்போது அதன் ஃபோல்டரில் இருப்பவை அழிந்துபோகக்கூடும். நம் ஃபோல்டரில் எடுத்து வைத்தது இருக்கும். தினமும் கடை சாத்தும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் ஆண்டு முடிவில் ஆடிட்டர் முன் தலை நிமிர்ந்து உட்காரலாம்.

சுத்தம் செய்யும்போது

சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினால் ஆப் ஒரு பட்டியல் காட்டும்: பழைய ஸ்கிரீன்ஷாட், இரட்டைப் படம், பெரிய வீடியோ என்று. இதில்தான் கை வழுக்குகிறது. அந்த ஸ்கிரீன்ஷாட்டில் வாடிக்கையாளர் பாக்கியை ஜிபேயில் கட்டியதற்கான சாட்சி இருக்கலாம். போட்டோவில் கையெழுத்துப் போட்டு வாங்கிய டெலிவரி சலான் இருக்கலாம். ஆப்புக்கு அது பழைய படம். நமக்கு அது பணம். 'எல்லாம் தேர்வு செய்' என்பதைத் தொடாதீர்கள். வீடியோக்களை முதலில் பாருங்கள்; இடத்தை அடைப்பவை அவைதான், பில்கள் அல்ல. தவறி அழித்தால், ஃபைல்ஸ் பை கூகுள் போன்றவற்றில் குப்பைத்தொட்டிக்குப் போனது 30 நாள் வரை இருக்கும். அதற்குள் மீட்கலாம்.

கடைசியாக ஒன்று. 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் கடைகள் தீயில் எரிந்ததை நாம் மறக்கவில்லை. பேப்பர் எரியும், போன் தொலையும், தண்ணீரில் விழும். மாதம் ஒருமுறை, வரி தாக்கல் செய்யும் நாளிலேயே, அந்த மாத ஃபோல்டரைப் பென்டிரைவில் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள். போனில் நேரடியாகச் செருகும் ஓடிஜி பென்டிரைவ் கடைகளில் கிடைக்கிறது.

ஆப் இலவசமாக இருக்கலாம். அது பார்க்கும் கணக்கு நம் உழைப்பு. சாவியைக் கொடுக்கும் முன் ஆளைப் பாருங்கள், கொடுத்த பின்னும் கணக்கைப் பாருங்கள் என்று வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.