காசநோய் மரணத்தைத் தடுக்க 5 செக்கப்: தமிழ்நாடு கையில் எடுத்த சிம்பிள் வழி என்ன?

புறநகர் ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷன் 'தாம்பரம் சானடோரியம்'. 1928-ல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் இது. அப்போது இந்த நோய்க்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடுதான் சிகிச்சை.

இன்று அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். பெரும்பாலானோருக்கு 6 மாத சிகிச்சையில் குணமாகிவிடும். ஆனாலும் சிலர் இறந்துபோகிறார்கள். அதில் பெரும்பகுதி, சிகிச்சை தொடங்கிய முதல் 2 மாதங்களுக்குள்!

ஏன் இப்படி?

நோய் தெரியவரும்போதே சிலர் மிகவும் பலவீனமாக இருப்பார்கள். அவர்களுக்கு மாத்திரை மட்டும் போதாது. படுக்கை, ஆக்சிஜன், சத்தான உணவு தேவை. கூட்டம் நிறைந்த ஓபி-யில் எல்லோரையும் போல மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து.

இதற்கு ஊழியரைத் திட்டிப் பயனில்லை என்கிறது 'சிஸ்டம்ஸ் எர்கோனாமிக்ஸ்'. ஆள், வேலை, கருவி, இடம், நிர்வாகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, தவறு நடக்காதபடி வேலையையே மாற்றி அமைக்கும் துறை இது.

தமிழ்நாடு என்ன செய்தது?

2022 ஏப்ரலில் 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லா திட்டம்' தொடங்கியது. ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் இதில் கைகோத்தது. நோய் உறுதியானதும் பார்க்க வேண்டியது 5 விஷயங்கள்தான்:

• பிஎம்ஐ மிகக் குறைவா? (160 செ.மீ. உயரம் உள்ளவர் 35 கிலோதான் என்றால் பிஎம்ஐ 14-க்கும் கீழ்)
• இரண்டு கால்களிலும் வீக்கம் இருக்கா?
• நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு வாங்குதா?
• ஆக்சிஜன் அளவு 94%-க்குக் கீழே இருக்கா?
• பிடிமானம் இல்லாமல் நிற்க முடியலையா?

ஆபத்து தெரிந்தால் உடனே மேல்பரிசோதனை, அட்மிஷன்.

இதுல என்ன ஸ்பெஷல்?

ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். எடை மெஷின், பல்ஸ் ஆக்சிமீட்டர், கடிகாரம் போதும். டாக்டர்தான் பார்க்கணும் என்பதும் இல்லை. பயிற்சி பெற்ற ஊழியரே சில நிமிடங்களில் முடிக்கலாம். பதிவு செய்ய ஒரு தாள். அதாவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆட்களுக்கும் நேரத்துக்கும் ஏற்ற கருவி.

தாள் மட்டும் உயிரைக் காப்பாற்றாது. அனுப்பிய இடத்தில் பெட் வேண்டும், நோயாளி அங்கே போய்ச் சேர வேண்டும். அதைக் கண்காணிக்கத்தான் 'டிபி சேவா' என்ற இணையச் செயலி. இறப்பு அபாயத்தைக் கணிக்கும் வசதியும் 2025-ல் அதில் சேர்க்கப்பட்டது.

நோயாளியின் குடும்பம் என்ன செய்யலாம்?

காசநோய் உறுதியான அன்றே எடை, ஆக்சிஜன், மூச்சு எண்ணிக்கை பார்த்தாச்சா என்று கேட்கலாம். வீட்டில் இருக்கும்போது மூச்சுத் திணறலோ, நிற்க முடியாத நிலையோ வந்தால் அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.