கார் முன்கண்ணாடியில் கல் பட்டால்: பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

செம்பவாங்கிலிருந்து சிலேத்தார் விரைவுச்சாலை வழியாக வேலைக்குச் செல்லும் வாகனமோட்டிகள் பலருக்குப் பழக்கமான சத்தம் அது. முன்னே செல்லும் லாரியின் சக்கரம் கிளப்பும் சிறு கல் ‘டக்’கென்று கண்ணாடியில் படும். வீடு திரும்பிப் பார்த்தால் மிளகளவு தெறிப்பு.

சிறியதுதானே என்று பலர் அப்படியே விட்டுவிடுகின்றனர். ஆனால், திறந்தவெளிக் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் காய்ந்த கண்ணாடிமீது குளிர்சாதனக் காற்று வேகமாகப் பட்டாலோ, திடீர் மழை பெய்தாலோ, அந்தத் தெறிப்பு ஒரே நாளில் நீண்ட விரிசலாகிவிடலாம்.

முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகளை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் ஒட்டிச் செய்யப்பட்டது. வெளித் தகட்டில் மட்டும் சேதம் இருந்தால், குழிக்குள் பிசின் செலுத்தி, புறஊதா ஒளியால் அதை இறுகச் செய்யலாம். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் வேலை முடிந்துவிடும். லேசான தழும்பு தெரிந்தாலும் விரிசல் பரவுவது தடுக்கப்படும்.

எப்போது மாற்ற வேண்டும்?

ஒரு வெள்ளி நாணயத்தால் மறைக்கக்கூடிய தெறிப்பைப் பொதுவாகப் பழுதுபார்க்கலாம். பின்வரும் நிலைகளில் கண்ணாடியை மாற்றுவதே பாதுகாப்பு:

• விரிசல் நீண்டிருந்தால் அல்லது கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டிருந்தால்
• சேதம் ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் இருந்தால். அங்குள்ள தழும்பு, இரவில் எதிரே வரும் விளக்கொளியைச் சிதறடித்துக் கண்ணைக் கூசவைக்கும்
• உள்தகடும் உடைந்திருந்தால்
• ஓட்டுநருக்கு உதவும் கேமராவின் முன்னால் சேதம் இருந்தால்

விபத்தில் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் முன்கண்ணாடிக்குப் பங்குண்டு. பல கார்களில், பயணிக்கான காற்றுப்பை விரியும்போது அதன்மீதுதான் சாய்கிறது. எனவே, புதிய கண்ணாடியை ஒட்டிய பசை இறுகும்வரை காரை ஓட்டக்கூடாது. கேமராவை மீண்டும் சீரமைக்க வேண்டுமா, சாலைக் கட்டணச் சாதனத்தின் பாகங்களைக் கழற்றிப் பொருத்த வேண்டுமா என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக ஒட்டும் நிறப்படலம், முன்கண்ணாடி வழியாகக் குறைந்தது 70 விழுக்காட்டு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி.

முதலில் காப்புறுதி நிறுவனம்

பட்டறைக்குச் செல்லுமுன் காப்புறுதி நிறுவனத்தை அழைப்பது நல்லது. விரிவான காப்புறுதித் திட்டங்கள் பலவற்றில், கண்ணாடிக்காக இழப்பீடு கோருவது ஆண்டுதோறும் கிடைக்கும் சந்தாத் தள்ளுபடியைப் பாதிப்பதில்லை. மாற்றும்போது உரிமையாளர் குறிப்பிட்ட தொகையைக் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கலாம். பழுதுபார்த்தால் அந்தத் தொகையைச் சில திட்டங்கள் தள்ளுபடி செய்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட பட்டறைக்குச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். விலை மலிவு என்று ஜோகூரில் மாற்றத் திட்டமிடுவோர், அந்தச் செலவைத் திரும்பப் பெற முடியுமா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அதுவரை, தெறிப்பின்மீது ஒளிபுகும் ஒட்டுநாடாவை ஒட்டி, தூசியும் நீரும் புகாமல் பார்த்துக்கொள்ளலாம். அழுக்கு சேர்ந்துவிட்டால் பிசின் சரியாகப் பிடிக்காது. காரை நிழலில் நிறுத்துவதும், குளிர்சாதனத்தை மெதுவாகக் கூட்டுவதும், கதவை ஓங்கிச் சாத்தாமல் இருப்பதும் பட்டறைக்குச் செல்லும்வரை விரிசலைக் கட்டுக்குள் வைக்க உதவும்.