ஹாஸ்டல் ரூம்ல பொறந்த சாஃப்ட்வேர்!

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியம் வெப்சைட்டைத் திறந்தா, அதுக்கு முந்தின வருஷத்து சீஃப் கெஸ்ட் அப்படியே சிரிச்சுக்கிட்டு இருந்தார். ‘பதிவு செய்யக் கடைசி நாள்’ முடிஞ்சு பதினோரு மாசம் ஆகியிருந்தது. மாத்தலாம்னா பாஸ்வேர்ட் இல்லை. சைட்டை உருவாக்கின சீனியர் அண்ணன் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டார். போன் பண்ணினா, ‘டேய், அந்த கோடு நான் எழுதினதுதான். ஆனா எனக்கே இப்ப புரியாதுடா’ன்னு சிரிக்கிறார்.

கடைசியா கையில கிடைச்சது ஒரு ஜிப் ஃபைல். உள்ளே ‘ஃபைனல்’, ‘நியூ ஃபைனல்’, ‘ஒரிஜினல் ஃபைனல்’னு மூணு ஃபோல்டர். எது நிஜ ஃபைனல்னு ஆண்டவனுக்கே வெளிச்சம்!

சிம்போசியத்துக்கு இன்னும் மூணே வாரம். வேற வழியில்லாமத்தான் சி.எம்.எஸ். பக்கம் ஒதுங்கினோம். அதாவது, கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம். பேரைக் கேட்டு மிரளாதீங்க. எழுதுற விஷயம் எல்லாம் டேட்டாபேஸ்ல தனியா இருக்கும். பார்க்கிறதுக்கு எப்படி இருக்கணும்ங்கிற தீம் தனியா இருக்கும். தேதியை மாத்த கோடைத் தொட வேண்டாம். லாகின் பண்ணி, டைப் பண்ணி, சேவ் பண்ணினா போதும். யாருக்கு எவ்வளவு அதிகாரம்னும் பிரிச்சுக் கொடுக்கலாம். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா எல்லாமே இந்த ஜாதிதான். மூணுமே ஓப்பன் சோர்ஸ். காசு கிடையாது, கோடும் கண்ணு முன்னாடியே கிடக்கும்.

இன்ஸ்டால் ஆகுற நேரத்துல சும்மா இருக்க முடியாம, இதெல்லாம் எங்கேர்ந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன். சிம்போசியம் வேலை அப்படியே நின்னுபோச்சு!

2000-ம் வருஷம், பெல்ஜியம் நாட்டு ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகம். ட்ரீஸ் பாய்டார்ட் அங்கே மாணவர். அப்போ நெட் கனெக்‌ஷன் வெச்சிருக்கிற ஸ்டூடன்ட் கிடைக்கிறதே அபூர்வம். அவர் ஃப்ரெண்ட் ஹான்ஸ் ஸ்னைடர்கிட்ட ஏ.டி.எஸ்.எல். மோடம் இருந்தது. ரெண்டு பேருமா ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் வயர்லெஸ்ல இணைச்சு, அந்த ஒரே கனெக்‌ஷனை எட்டுப் பேர் பங்கு போட்டுக்கிட்டாங்க. ஒரு பாக்கெட் சிப்ஸை எட்டுப் பேர் பிச்சுத் திங்கிற நமக்கு இது புதுசா என்ன!

ட்ரீஸ் அதுக்கு மேல ஒண்ணு பண்ணினார். அந்தக் குட்டி நெட்வொர்க்குக்குள்ள ஒரு நோட்டீஸ் போர்டு மாதிரி சைட் எழுதினார். லைன் வேலை செய்யுதா, இன்னிக்கு ராத்திரி எங்கே சாப்பாடு... இந்த மாதிரி தலைபோற சமாசாரங்களைப் போட்டு வைக்க! படிப்பு முடிஞ்சு ட்ரீஸ் ஹாஸ்டலைக் காலி பண்ணினதும், தொடர்பு விட்டுப்போயிடக் கூடாதுன்னு அதையே இன்டர்நெட்டுக்குக் கொண்டுவந்தாங்க. டச்சு மொழியில கிராமத்துக்கு ‘டோர்ப்’னு பேர். அந்தப் பேர் காலியா இருக்கான்னு தேடும்போது எழுத்து மாறி ‘ட்ராப்’னு அடிச்சுட்டார். துளின்னு அர்த்தம் வருதே, இதுவும் நல்லாத்தானே இருக்குன்னு அதையே வெச்சாச்சு. 2001 ஜனவரியில அதோட சாஃப்ட்வேரை எல்லாருக்கும் திறந்து விட்டப்போ, துளிக்கான டச்சு வார்த்தை ‘ட்ருப்பல்’ ட்ரூபல் ஆச்சு.

ராத்திரி சாப்பாட்டுக்கு எழுதின அந்த கோடு வளர்ந்து, 2009-ல அமெரிக்க வெள்ளை மாளிகையோட சைட்டையே தாங்குச்சு. (2017-ல அவங்க வேர்ட்பிரஸுக்கு மாறிட்டாங்க, அது வேற கதை.) நடுவுல 2005-ல ட்ரூபல் சைட்டோட சர்வரே பாரம் தாங்காம படுத்துக்கிச்சு. புது மெஷினுக்கு 3,000 டாலர் வேணும்னு ட்ரீஸ் கேட்டார். ஒரே நாள்ல வந்து சேர்ந்தது ஏறக்குறைய 10,000 டாலர். எங்க கல்சுரல்ஸுக்கு ஸ்பான்சர் தேடி அலைஞ்சவன்கிற முறையில, எனக்கு வயிறு எரிஞ்சது உண்மை!

ஆனா என்னை உலுக்கினது வேர்ட்பிரஸ் கதைதான். அதுக்கு முன்னாடி ‘பி2’னு ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. எழுதினவர் மிஷெல் வால்ட்ரிகி. திடீர்னு அவர்கிட்டேர்ந்து சத்தமே இல்லை. அப்டேட் நின்னுபோச்சு. அதையே நம்பியிருந்தவங்கள்ல ஒருத்தர் மேட் முல்லன்வெக். வயசு 19, ஹூஸ்டன்ல காலேஜ் படிச்சுக்கிட்டு இருந்தார். ‘இதை நாமளே எடுத்துத் தொடரலாமே’ன்னு 2003 ஜனவரியில எழுதினார். இங்கிலாந்துலேர்ந்து மைக் லிட்டில்னு ஒருத்தர், ‘நிஜமாவே பண்றதா இருந்தா நானும் வர்றேன்’கிற மாதிரி பதில் போட்டார். முன்னபின்ன பார்த்துக்காத ரெண்டு பேர். அதே வருஷம் மே 27-ந் தேதி வேர்ட்பிரஸோட முதல் வெர்ஷன் வந்துடுச்சு.

எழுதினவரைக் கேட்காம எப்படித் தொட்டாங்க? அங்கேதான் விஷயமே இருக்கு. பி2-வை ஜி.பி.எல். லைசென்ஸ்ல விட்டிருந்தார் மிஷெல். யார் வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடுத்துடணும். எழுதினவர் காணாமப் போனாலும் கோடு காணாமப் போகாது. 2005-ல மாம்போன்னு ஒரு சி.எம்.எஸ்.ல, எழுதுற டீமுக்கும் பேரைக் கையில வெச்சிருந்த கம்பெனிக்கும் முட்டிக்கிச்சு. டீம் கோடை எடுத்துக்கிட்டு வெளியே வந்துட்டாங்க. அதான் ஜூம்லா.

எனக்கு உடனே எங்க லேப் பீரோதான் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், கறுப்பு அட்டை, தங்க எழுத்து, கடைசிப் பக்கத்துல ஒரு சி.டி. வைவா முடிஞ்ச மறுநாளே பூட்டு. எங்க சீனியர் மக்கு இல்லை பாஸ். அவர் கோடும் அந்த பீரோ மாதிரிதான் இருந்தது.

சரி, நாங்க மட்டும் என்ன கிழிச்சோம்? வேர்ட்பிரஸ் போட்டோம், சிம்போசியம் ஜோரா நடந்தது, சைட்டை அப்படியே விட்டுட்டு செமஸ்டர் எழுதப் போயிட்டோம். மூணு மாசம் கழிச்சு ஹெச்.ஓ.டி. கூப்பிட்டார். ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டினார். எங்க டிபார்ட்மென்ட் பேருக்குக் கீழே சூதாட்ட விளம்பரம் ஜெகஜ்ஜோதியா மின்னிக்கிட்டு இருந்தது. அவர் திட்டலை. ‘பதிவு பண்ணின பசங்க போன் நம்பர் எல்லாம் இதுலதானே இருக்கு?’ன்னு மட்டும் கேட்டார். பதில் சொல்ல வாய் வரலை.

ஓட்டை வேர்ட்பிரஸ்ல இல்லை. நாங்க சேர்த்த ஒரு ஃபார்ம் ப்ளக்-இன்ல. அதைச் சரிபண்ணின வெர்ஷன் ஏற்கெனவே வந்திருந்தது. 2020-லேர்ந்து ப்ளக்-இன் தானா அப்டேட் ஆகுறதுக்கு உள்ளேயே வசதியும் இருக்கு. ஒரே ஒரு க்ளிக். பண்ணலை.

‘கோடைத் திறந்து வெச்சா திருடன் வராம என்ன பண்ணுவான்?’னு லேப் சார் கேட்டார். பாதி நியாயம்தான். 2014 அக்டோபர் 15-ல ட்ரூபல் 7-ல ஒரு பயங்கர ஓட்டையை அடைச்சு வெர்ஷன் 7.32 விட்டாங்க. மாத்தினது கிட்டத்தட்ட ஒரே வரி. அந்த வரியைப் பார்த்தாலே ஓட்டை எங்கேன்னு யாருக்கும் தெரிஞ்சுடும். சில மணி நேரத்துல தாக்குதல் ஆரம்பமாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ட்ரூபல் டீமே ஒளிக்காம சொன்னாங்க: அறிவிச்ச 7 மணி நேரத்துக்குள்ள நீங்க அப்டேட் பண்ணலைன்னா, உங்க சைட் போச்சுன்னே வெச்சுக்கங்க. நம்ம ஊர்க் கணக்குல அது ராத்திரி ஒன்பதரையிலேர்ந்து விடியற்காலை நாலரை. காலையில எழுந்து பார்த்துக்கலாம்னு படுத்தவங்க கதி அவ்வளவுதான்.

மூடி வெச்ச சாஃப்ட்வேர்லயும் ஓட்டை இருக்கும் சார், ஆனா யாரும் இப்படிச் சொல்லிக்காட்ட மாட்டாங்கன்னு வாதாடிப் பார்த்தேன். ‘முதல்ல நம்பர்களை அழி’ன்னார். அழிச்சோம். பதிவு பண்ணின ஒவ்வொருத்தருக்கும் நடந்ததைச் சொல்லி, மன்னிப்பு கேட்டு மெயில் போட்டோம். எழுதினதுலயே கஷ்டமான கோடு அந்த மெயில்தான்.

இப்ப புதுசா நிறுத்தியிருக்கோம். செகண்ட் இயர் ஜூனியர் ரெண்டு பேருக்கும் அட்மின் லாகின் உண்டு. அப்டேட் முறை யாருக்குன்னு ஹாஸ்டல் மெஸ் டர்ன் மாதிரி பட்டியல் ஒட்டியாச்சு. அதுல ஒரு பொண்ணு, சர்டிஃபிகேட் அடிச்சுக் கொடுக்கிற ப்ளக்-இன் ஒண்ணை அவளே எழுதி முடிச்சுட்டா. ஜி.பி.எல். போட்டு நெட்ல ஏத்திடலாமான்னு கேட்டேன்.

‘ஒரு வாரம் டைம் கொடுங்கண்ணா’ன்னா.

ஏன்னு கேட்டா, ‘கமென்ட்டே எழுதலை. யாராச்சும் திறந்து பார்ப்பாங்களே!’