பழைய லாரியைக் கட்டி இழுத்து வருவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவில் ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. அன்று எல்லோர் கண்ணும் தேர் மேலும் வடம் பிடிப்பவர்கள் மேலும்தான் இருக்கும். அடுத்த முறை சக்கரத்துப் பக்கம் கட்டையோடு நடப்பவர்களைக் கவனியுங்கள். வடத்தால் தேரை இழுக்கத்தான் முடியும், நிறுத்த முடியாது. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்ததும் இந்தச் சங்கடத்துக்காகத்தான். ஓடாத லாரியைக் கட்டி இழுப்பதிலும் சங்கடம் இதுவே.

என் தாய்மாமா இருபது வருடம் சம்பளத்துக்கு லாரி ஓட்டியவர். அத்தையின் நகையை அடகு வைத்து ஒரு பழைய டாடா 1613 வாங்கினார். (16 என்பது லோடோடு சேர்த்து மொத்த எடை 16 டன் என்பதையும், 13 என்பது ஏறத்தாழ 130 குதிரைத்திறன் என்பதையும் குறிக்கும்.) வண்டி ராஜபாளையத்தில் ஒரு செட்டில் இரண்டு வருடமாக நின்றது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டும். "பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே மாப்ளே, வடக்கயித்தக் கட்டி அரை மணி நேரத்துல இழுத்துட்டு வந்துரலாம். நீ படிச்சிருக்கியே, ஒரு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார். பின்வண்டியில் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறவரும் அவர்தான். ஆகவே கணக்கைக் கொஞ்சம் கவனமாகவே போட்டேன்.

காலி லாரியை பாடியோடு 6 டன் என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் சீராக இழுக்க இந்த எடையில் நூற்றில் ஒரு பங்கு விசை போதும். அதாவது 60 கிலோ. டயர் பழசென்றால் 100 கிலோ. இதைப் பார்த்துத்தான் எல்லோரும் கயிறு போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கயிறு ஒருமுறை தொய்ந்து, முன்வண்டி பின்வண்டியைவிட வினாடிக்கு 1 மீட்டர் வேகம் கூடுதலாகப் போய் வெடுக்கென்று இழுத்தால் என்ன ஆகும்? அரை எம் வி ஸ்கொயர் போட்டால் 3,000 ஜூல். கயிறு 5 சென்டிமீட்டர் நீண்டு அதைத் தாங்குவதானால் சராசரி விசை 60,000 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 6 டன் எடை. உச்சத்தில் இன்னும் அதிகம். வினாடிக்கு 1 மீட்டர் என்பது நாம் கேன்டீனுக்கு நடக்கிற வேகம்தான்! கம்பிக்கயிறு குறைவாக நீளும் என்பதால் அதில் வெட்டு இன்னும் கடுமை. நைலான் நன்றாக நீளும், ஆனால் அறுந்தால் சாட்டைபோல் திரும்பி வரும். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்று பட்டறையில் விரட்டுவது சும்மா இல்லை.

இழுப்பு இப்படியென்றால் நிறுத்தம் இன்னும் மோசம். இந்த வண்டியில் ஏர் பிரேக். எஞ்சின் ஓடாவிட்டால் கம்ப்ரசர் ஓடாது, டேங்கில் காற்று ஏறாது, பெடலை மிதித்தால் ஒன்றும் நடக்காது. பார்க்கிங் பிரேக்கோ தலைகீழ். பின்சக்கர பிரேக் சேம்பருக்குள் இருக்கும் பெரிய ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்து வைத்திருக்கும். காற்று போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்கினால்தான் சக்கரம் விடுபடும். ஆகையால் காற்றில்லாத வண்டி நகரவே நகராது. சேம்பரில் இருக்கும் போல்ட்டைச் சுற்றி ஸ்பிரிங்கைக் கையால் விடுவிக்கலாம். பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அப்படி விடுவித்த நொடியிலிருந்து வண்டிக்கு எந்தப் பிரேக்கும் கிடையாது என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் கயிறு கட்டினால், முன்வண்டிக்காரர் ஒரு ஆட்டுக்குட்டிக்காக பிரேக் அடித்தாலும் 6 டன் அவர் முதுகில் வந்து ஏறும். (சேம்பரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை மட்டும் யாருக்கும் வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும்.)

பட்டறை அண்ணாச்சியிடம் கணக்கைக் காட்டினேன். பேப்பரைப் பார்க்காமலே, "கயிறு வேணாம் தம்பி, பார் போட்டுருவோம். காத்த முன்வண்டிலேருந்து குடுத்துருவோம்" என்றார். இரும்பு டோ பார் இழுக்கவும் செய்யும், பின்வண்டி முட்ட வந்தால் தடுக்கவும் செய்யும். தொய்வே இல்லாததால் வெட்டும் இல்லை. அதை சேஸிஸின் முன் டோ பின்னில்தான் மாட்ட வேண்டும். பம்பரிலோ ஆக்ஸிலிலோ டை ராடிலோ கூடாது. முன்வண்டி பின்வண்டியைவிட எடை கூடியதாக இருப்பது நல்லது, இல்லாவிட்டால் இறக்கத்தில் பின்வண்டி முன்வண்டியைத் தள்ளி மடக்கிவிடும். முன்வண்டியின் டேங்கிலிருந்து ஒரு ஏர் ஹோஸ் போட்டால் பின்வண்டியின் ஸ்பிரிங்கும் விடுபடும், மாமாவின் காலுக்கும் பிரேக் கிடைக்கும். ஹோஸ் பிய்ந்தால் பின்சக்கரங்கள் தாமாகப் பூட்டிக்கொள்ளும். தொல்லைதான். ஆனால் நிற்காமல் போவதைவிட நின்று தொல்லை தருவது எவ்வளவோ மேல்.

அடுத்தது கியர்பாக்ஸ். நியூட்ரலில் போட்டால் போதும் என்பது தவறு. கியர்பாக்ஸில் ஆயிலை வாரியடிப்பது அடியில் இருக்கும் லே ஷாஃப்ட். அது எஞ்சின் பக்கமிருந்து சுழல்வது. இழுக்கும்போது பின்சக்கரம் மெயின் ஷாஃப்டை மட்டும் சுற்றும். லே ஷாஃப்ட் சும்மா நிற்கும். மேலே பேரிங்குகள் ஆயில் இல்லாமல் காயும். அதனால் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட வேண்டும். கியர்பாக்ஸின் பின்னாலேயே ஹேண்ட் பிரேக் டிரம் உள்ள பழைய வண்டிகளில் ஷாஃப்டைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும் என்பது நினைவிருக்கட்டும்.

டயர் விஷயம். நாள்பட்டுக் காற்றிறங்கி நின்ற டயரில் அப்படியே காற்றடிக்கக் கூடாது. லாக் ரிங் வைத்த டிஸ்க்கில் ரிங் துருவேறிச் சரியாக உட்காராமல் இருந்தால் தெறித்து வரும். கழற்றி, பார்த்து, கூண்டுக்குள் வைத்து அடிப்பதே முறை. நாங்கள் இரண்டு டயரை மாற்றியே விட்டோம்.

சட்டமும் இதில் நல்ல புத்தி சொல்கிறது. 1989ஆம் ஆண்டு சாலை விதிகள்படி, இழுக்கப்படும் வண்டியில் உரிய லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையேல் முன்சக்கரங்களைத் தூக்கியிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுத வேண்டும். 2017இல் இதற்குப் பதிலாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டன என்றாலும், பட்டறையில் இந்த அளவுகளைத்தான் இன்றும் பிடிக்கிறார்கள். 5 மீட்டர் எதற்கு என்று ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். இரண்டு லாரிக்கு நடுவே சந்து கிடைத்தால் நம் ஊர் டூவீலர்காரர்கள் நுழையாமல் இருக்க மாட்டார்கள். கயிறு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. பாரில் நான்கு இடத்தில் சிவப்புத் துணி கட்டினோம்.

ஞாயிறு காலை விடிந்த பிறகு கிளம்பினோம். 208 என்று பழைய எண்ணில் நாம் சொல்லும் திருமங்கலம் - கொல்லம் சாலை (இப்போது 744) கேரளா லாரிகளால் எந்நேரமும் நிறைந்தது என்பதால் இரவுப் பயணம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. கிளம்புமுன் காற்றை ஏற்றிப் பத்து நிமிடம் கேஜ் முள்ளைப் பார்த்தோம். ஊரைத் தாண்டியதும் ஓரம் கட்டி ஒவ்வொரு ஹப்பையும் புறங்கையால் தொட்டோம். இடது பின் ஹப் மட்டும் சுட்டது. பிரேக் லைனிங் உரசல். அதைத் தளர்த்தி மறுபடி கிளம்பி, மடவார் வளாகம் தாண்டிப் பட்டறை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பாரைக் கழற்றுமுன் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைத்தோம். கழற்றும்போது புரொப்பல்லர் ஷாஃப்டின் பிளாஞ்சிலும் எதிர் பிளாஞ்சிலும் சென்டர் பஞ்சால் குறி போட்டு வைத்திருந்தார் அண்ணாச்சி. இடம் மாறி மாட்டினால் ஓடும்போது அதிரும். மறுவாரம் மாட்டுகையில் குறிகள் இரண்டும் நேருக்கு நேர் வந்தனவா என்று டார்ச் அடித்துப் பார்த்தவர் மாமா.