சைக்கிள் ஹேண்டில் கடகடன்னு ஆடுதா? போர்க், கப் செட்டை வீட்டிலேயே மாட்டுவது எப்படி?

பள்ளி நேரத்தில் பவானியில் காவிரி ஆற்றுப் பாலத்தில் குமாரபாளையம் பக்கம் போகும் சைக்கிள்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அரசு கொடுத்த இலவச சைக்கிளாகத்தான் இருக்கும். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம், பிறகு அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்களுக்கும் விரிந்தது. அக்கா ஓட்டியதை தம்பி ஓட்டுவான், அப்புறம் அப்பா தோட்டத்துக்கு எடுத்துட்டுப் போவார். இப்படிக் கை மாறும் சைக்கிளில் பலரும் கண்டுக்காமல் விடுவது ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் கப் செட்டைத்தான்.

இன்னொரு பக்கம், பழைய ஃபிரேமை பெயின்ட் அடித்து, பாகங்களை ஆன்லைனில் வாங்கி வீட்டிலேயே சைக்கிள் கட்டும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

கப் செட் என்ன வேலை செய்கிறது?

ஃபிரேமின் முன்பக்கத்தில் ஒரு குட்டைக் குழாய் இருக்கும். அதற்குள் நுழைந்து மேலே வருவது முன் போர்க்கின் தண்டு. இரண்டுக்கும் நடுவில், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு கப், அவற்றில் இரும்புக் குண்டுகள். ஹேண்டில் லேசாகத் திரும்புவது இந்தக் குண்டுகளால்தான்.

முன் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாயும். அந்த அடியை வாங்குவது பெரும்பாலும் கீழ் கப். நட்டு லூசாக இருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் குண்டுகள் கப்பில் மோதி சின்னச் சின்ன குழி விழும். அதற்குப் பிறகு ஹேண்டில் நேராக இருக்கும்போது 'டக்'கென்று ஒரு இடத்தில் பிடித்துக்கொள்ளும். நாம் விழாமல் ஓட்டுவதே ஹேண்டிலை அறியாமலே இப்படியும் அப்படியும் துளித்துளியாகத் திருப்புவதால்தான். அது தடைபட்டால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். லாரி பக்கத்தில் வரும் ரோட்டில் இது விளையாட்டு இல்லை.

செக் பண்ணுவது எப்படி?

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரல் கீழ் கப் மேல் இருக்கட்டும். 'டொக்' என்று தட்டினால் லூஸ். அடுத்து முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை லேசாகத் தட்டிவிடுங்கள். தானாக இரண்டு பக்கமும் விழ வேண்டும். நடுவில் நின்றால் ஒன்று ஓவர் டைட், இல்லையென்றால் குழி விழுந்த கப். குழி விழுந்த கப்புக்கு கிரீஸ் மருந்தாகாது, செட்டையே மாற்ற வேண்டும்.

பழைய மாடல்: மரை போட்ட போர்க்

பழைய பெரிய சைக்கிள்களில் இருப்பது இதுதான். கம்பி பிரேக் என்றால் முதலில் கம்பிகளைக் கழற்றுங்கள். ஹேண்டில் தண்டின் மேல் போல்ட்டை இரண்டு மூன்று சுற்று லூசாக்கி, மரக்கட்டை வைத்து சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் ஹேண்டில் விட்டுவிடும். போர்க்கை உருவும் முன் கீழே துணி விரியுங்கள், இல்லைனா குண்டுகள் வாசல் முழுக்க ஓடும். மேல் கப்பில் எத்தனை, கீழ் கப்பில் எத்தனை என்று எண்ணி வையுங்கள்.

புது கப் செட் வாங்கப் போகும்போது பழைய நட்டையும் கப்பையும் கையில் எடுத்துப் போவது நல்லது. பார்க்க ஒன்று போலிருந்தாலும் மரையும் அளவும் மாறும். போர்க்கின் அடியில் உட்காரும் வளையத்தில் மட்டும் 26.4, 27 மி.மீ என இரண்டு அளவு உண்டு. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தப்பானது உட்காராது.

கப்பை ஃபிரேமில் ஏற்ற கடையில் கட்டை வைத்து அடிப்பார்கள். பழகிய கைக்கு அது சரி. வீட்டில் செய்பவர்கள் ஒரு நீளமான மரை ராடு, இரண்டு பெரிய வாஷர், இரண்டு நட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வாஷர் வைத்து நட்டை மெல்ல முறுக்கினால் கப் கோணாமல் நேராக ஏறும். ஒரு நேரத்தில் ஒரு கப் மட்டும். அடி வளையத்தை இறக்க, போர்க் தண்டில் சரியாக நுழையும் பைப் துண்டு போதும். நம்ம பக்கம் எந்தத் தோட்டத்து வீட்டிலும் பி.வி.சி பைப் துண்டுக்குப் பஞ்சமில்லை.

கிரீஸை தாராளமாக வைத்துக் குண்டுகளை அடுக்குங்கள். முழுக்க நெருக்கி அடைக்காமல், ஒரு குண்டு போகும் இடைவெளி விட வேண்டும். கூண்டோடு வரும் குண்டு என்றால், கூண்டுத் தகடு எதிலும் உரசக் கூடாது. தலைகீழாக வைத்தால் 'கரகர' சத்தம் உடனே காட்டிக்கொடுக்கும்.

போர்க்கை ஏற்றி மேல் கோனைக் கையாலேயே முறுக்குங்கள். வாஷர் போட்டு, கோனை ஒரு ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கணும். இறுக்கும்போது செட்டிங் கொஞ்சம் மாறும். இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டுவது சகஜம், பொறுமை வேணும். ஹேண்டிலை உயர்த்துபவர்கள் தண்டில் இருக்கும் எல்லைக் கோடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது மாடலில் என்ன வித்தியாசம்?

கியர் சைக்கிள்களில் போர்க் தண்டில் மரை இருக்காது. ஸ்டெம் வெளியிலிருந்து தண்டைக் கவ்விப் பிடிக்கும். இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் ஸ்டெம் போல்ட்டுகள் லூசாக இருக்கும்போதே மேல் மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் முறுக்கணும். பிறகு ஹேண்டிலை நேராக்கி ஸ்டெம் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கணும். மூடி வெறும் ஆட்டத்தை எடுக்கத்தான், ஹேண்டிலைப் பிடித்து வைப்பது ஸ்டெம் போல்ட். எவ்வளவு இறுக்கணும் என்பது ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டரை ஒட்டி.

தண்டு நீளமாக இருந்தால் வெட்டலாம். ஆனால் எல்லா வாஷர், ஸ்டெம்மும் மாட்டிப் பார்த்த பிறகுதான். ஸ்டெம்மின் மேல் விளிம்புக்கு சுமார் 3 மி.மீ கீழே தண்டு நிற்க வேண்டும். கார்பன் தண்டு என்றால் உள்ளே நட்சத்திர நட்டு அடிக்கவே கூடாது, அதற்கென தனி பிளக் வரும்.

எப்போது கடைக்குப் போகணும்?

கப் கையாலேயே உள்ளே போய் வந்தால் ஃபிரேம் குழாய் விரிந்துவிட்டது என்று அர்த்தம். அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. மோதி வளைந்த போர்க்கை பெண்டு எடுத்து ஓட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அலுமினியம் என்றால் கூடவே கூடாது. இரும்பாக இருந்தாலும், பிள்ளைகள் ஓட்டும் வண்டிக்குப் புது போர்க் போடுவதே சரி.

புதிதாக மாட்டிய கப் செட் ஓட ஓட இன்னும் கொஞ்சம் உட்காரும். அதனால் முதல் வாரம் ஓட்டியதும் அந்த பிரேக் டெஸ்ட்டை இன்னொரு முறை செய்து, லூசாக இருந்தால் ஒரு சின்ன முறுக்கு.